ரிஸ்னாவின் கதிரை

ரிஸ்னாவின் வேலையைத் திருடியவள் நான்தான். அது போதாதென்று, அவளுடைய வாப்பாவை, அவர் பெற்ற மகளின் முன்னாலேயே பொய்யராக்கினேன்.

அப்பாடா... எழுதிவிட்டேன்! இத்தனை வருடமாக நெஞ்சை அடைத்துக்கொண்டு கிடந்தது இரண்டே வரிதானா? நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பிள்ளை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். சாக்குச் சொல்கிறேன் என்று எங்காவது தோன்றினால், அந்த இடத்தில் நிறுத்தி என்னைத் திட்டுங்கள்.

போர் முடிந்து, எங்கள் குடும்பம் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி ஓலைத்தொடுவாயில் குடியேறிய காலம் அது. அன்றைய மன்னாரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் யாரோ எங்கிருந்தோ திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தோம். ரிஸ்னாவின் குடும்பம் புத்தளத்திலிருந்து தங்கள் பழைய முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டிக்கு வந்தது. என் அப்பா அடுத்தவரின் படகில் தொழிலுக்குப் போகிறவர். அவளுடைய வாப்பா துணி மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரூராய் விற்கிறவர்.

நகரத்தில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் எனக்கும் அவளுக்கும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. இங்கத்து "ஓம்" வாயில் வராமல் நான் "ஆமா" என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும், ரிஸ்னா மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுடைய புத்தளத்துப் பேச்சையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. சிரிப்புக்கு ஆளான இருவரும் ஒன்றாகிப்போனோம். எத்தனையோ தடவை அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கிறேன். அவளைப் போலவே நானும் அவரை வாப்பா என்றுதான் கூப்பிட்டேன்.

பின்னேரங்களில் நூலகத்தைத் திறந்து வைத்திருக்க, படிக்கிற பிள்ளைகளில் ஒருவரைப் பகுதிநேரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கல்லூரிக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு இடம்! நாங்கள் இருவருமே போய்க் கேட்டோம். நூலகர் ரிஸ்னாவை எடுத்தார். அவளுக்குச் சிங்களமும் வரும், எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். நியாயமான தெரிவுதான். அன்றைக்கு எனக்குப் பொறாமை வரவில்லை... உண்மையாகவா? உண்மையாகத்தான். பொறாமை பிறகு வந்தது.

அவளுடைய வாப்பாவுக்கு அந்த வேலை தொடக்கத்தில் அவ்வளவு பிடிக்கவில்லை. பொழுதுபட்ட பிறகு பஸ்ஸில் தனியாக வரவேண்டுமே என்று பயந்தார். ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானே மோட்டார் சைக்கிளில் வந்து சந்தியில் காத்து நின்று கூட்டிப்போகத் தொடங்கினார். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை வைத்துத்தான் விளையாடினேன்.

நோன்பு மாதம் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு ரிஸ்னா வீட்டில் இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கொரு வழக்கம் இருந்தது. மடு மாதா திருவிழா வந்தால் எங்கள் கத்தோலிக்க ஆட்களின் வேலையை அவர்கள் பார்ப்பார்கள், நோன்பு வந்தால் அவர்களுடையதை நாங்கள் பார்ப்போம். சண்டையில் அறுந்துபோயிருந்த அந்த வழக்கம், ஆட்கள் திரும்பி வர வர மெல்லத் தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே ரிஸ்னா என்னிடம் கேட்டதில் புதுமை ஒன்றுமில்லை.

"நோன்பு முடியும் மட்டும் என்ட இடத்தில நீ இரு ஜெசி. பெருநாள் முடிஞ்சதும் நான் வாறன்" என்றாள்.

நான் போய் இருந்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கமானது. எனக்கு அந்தக் கதிரை பிடித்துப்போயிற்று! சம்பளத்தை விடுங்கள். மண்டபத்தில் பிறந்து வளர்ந்த நான் தண்ணீருக்கும் வரிசை, அரிசிக்கும் வரிசை, பெயர் பதியவும் வரிசை என்று நின்று நின்றே பெரியவளானவள். வரிசையின் அந்தப் பக்கத்தில், மேசைக்குப் பின்னால் ஒருவர் கதிரையில் இருப்பார். தலையை நிமிர்த்தாமலே "அடுத்தது" என்பார். இப்போது மேசைக்குப் பின்னால் நான்! என்னைப் பார்த்துச் சிரித்த அதே பிள்ளைகள் என் முன்னால் நின்று, "மிஸ், இந்தப் புத்தகத்தை இன்னும் ரெண்டு நாள் வைச்சிருக்கலாமோ?" என்று குழைந்தார்கள். எழும்ப மனம் வருமா, சொல்லுங்கள்? வரவில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் நூலகர் சாதாரணமாகத்தான் கேட்டார். பெருநாள் முடிய அந்தப் பிள்ளை வருமோ என்றார். வருவாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? என் வாயில் வந்தது வேறு.

"தெரியாது சேர். வீட்டில விருப்பமில்லைப் போல."

இவ்வளவுதான் சொன்னேன். 'போல' என்று ஒரு முட்டுக்கொடுத்துத்தான் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார். "ஓம், அவையள் பொம்பிளைப் பிள்ளையளைப் பின்னேரத்தில விடமாட்டினம்தானே" என்றார். நம்ப ஆயத்தமாக இருந்தவருக்கு ஒரு பொய்யைக் கொடுப்பது எவ்வளவு சுலபம்! வேறு ஆளைப் பற்றி, வேறு ஊரைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் ஏன், எதற்கு என்று விசாரித்திருப்பார். எருக்கலம்பிட்டிப் பிள்ளை என்றதும் விசாரணை தேவைப்படவில்லை. அவர் விசாரிக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பொய்யைத் தெரிந்தெடுத்தேன்.

பெருநாள் கழித்து ரிஸ்னா வந்தபோது நூலகர் அவளைக் கூப்பிட்டு, வீட்டில் பிரச்சினை வேண்டாம், படிப்பைப் பார் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். யார் சொன்னது என்று அவள் கேட்டதற்கு, அதெல்லாம் எதற்கு என்று கையை விரித்தாராம். பிறகென்ன! தனக்குத் தெரியாமல் வாப்பாதான் வந்து சொல்லியிருக்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஆம், தடவிக் கொடுத்தேன். இந்த இடத்தில் நீங்கள் திட்டலாம்.

இதோடு விட்டிருந்தால் வெறும் வேலைத் திருட்டோடு போயிருக்கும். சில நாட்களில் வாப்பாவே நூலகத்துக்கு வந்தார். வெள்ளைத் தொப்பி, வியர்வையில் நனைந்த சட்டை, வியாபாரத்தை இடையில் விட்டுவிட்டு வந்த ஆள். நூலகர் உள்ளே தன் அறையில்தான் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. சேர் வவுனியாவுக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். வாப்பா என் முன்னால் கிடந்த வாங்கில் குந்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மகள், நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லல்ல. ரிஸ்னா நம்புறாளில்ல. என்னோட கதைக்கிறதையே விட்டுட்டாள். சேர் வந்தால் நீங்க ஒருக்கா சொல்லுங்கோ, வாப்பாக்கு விருப்பம்தான் எண்டு."

சொல்கிறேன் என்றேன். நோன்பு மாதம் முழுக்க மகளுக்காக இருந்து கொடுத்ததற்கு என்று சொல்லி, பஸாரில் வாங்கிய மஸ்கட் இனிப்புப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கச்சிமாரோடு தின்றேன். தொண்டையில் சிக்கவுமில்லை, கசக்கவுமில்லை. இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும்?

மறுநாள் காலை ரிஸ்னா வகுப்பு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். நேற்று வாப்பா நூலகத்துக்கு வந்தாரா என்று கேட்டாள். வந்ததாகச் சொல்கிறாராம், ஜெசியிடம் கேட்டுப்பார் என்கிறாராம்.

யோசித்துப் பாருங்கள்... ஓம் என்றால் என்ன ஆகும்? அவள் நூலகரிடம் போவாள். நூலகர் என்னைக் கைகாட்டுவார். கதிரையும் போகும், முகமும் போகும்.

"இல்லையே, நான் காணேல்லை" என்றேன்.

அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்த தகப்பனை விட்டுவிட்டு என்னை நம்பினாள். அன்றோடு அந்த வீட்டில் தகப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு அடியோடு அறுந்தது. படிப்பை முடித்தாள், கலியாணம் செய்தாள், புத்தளத்துக்கே போய்விட்டாள். உம்மாவோடு மட்டும் போனில் கதைப்பாள். வாப்பாவின் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். அண்ணன்மாரும் அவள் பக்கம்தான். மகளின் பிழைப்பைக் கெடுத்துவிட்டுப் பொய்ச் சத்தியமும் செய்த மனுஷன் என்று சொந்த வீட்டிலேயே அவருக்குப் பெயர் விழுந்தது.

நானோ அந்தக் கதிரையிலேயே நிலைத்தேன். ஒரு நாள் பிந்தியதில்லை, ஒரு புத்தகம் தொலைந்ததில்லை. நேர்மையான பிள்ளை என்று நூலகர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த அனுபவத்தைக் காட்டித்தான் அங்கேயே நிரந்தர வேலையும் வாங்கினேன். இப்போது நானும் சேர்ந்துதான் மாணவர்களில் ஒருவரைப் பின்னேர வேலைக்குத் தெரிவு செய்கிறேன். எப்படி இருக்கிறது கதை?

பஸாரில் வாப்பாவைக் காண்பேன். உண்மை தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நான் பொய்க்காரி என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். என்னைப் பிடித்தோ நூலகரிடம் போயோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைக் கண்டால் தான்தான் பிழை செய்தவரைப் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்கிறீர்களா? செய்தேனே! ஒவ்வொரு தவக்காலமும் முழங்காலில் நின்று, கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தினேன், பொய் சொன்னேன் என்று வரிசையாக ஒப்புவித்தேன். மூன்றையும் ஒரே மூச்சில். என்ன பொய் என்று பங்குச் சுவாமியாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் தந்த செபங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். கடவுளையே ஏய்க்கப் பார்த்திருக்கிறேன் பாருங்கள்!

போன மாதம் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உம்மா அழுது கூப்பிட்டதால் ரிஸ்னா புத்தளத்திலிருந்து வந்தாள். வார்டு வாசல்வரைக்கும் போனவள், உள்ளே கால் வைக்க மனமில்லாமல் நேரே நூலகத்துக்கு, என்னிடம் வந்தாள். பார்த்தீர்களா, யாரிடம் வந்தாள் என்று? என்னிடம்!

முன்னாலிருந்த வாங்கில் களைத்துப்போய்க் குந்தினாள். சாகக் கிடக்கிற நேரத்திலாவது உண்மையைச் சொல்வார் என்று பார்த்தாளாம்.

"இப்பவும் அந்தப் பொய்யத்தான் சொல்றார் ஜெசி. வந்தனான், வந்தனான் எண்டு உம்மாட்டச் சொல்லி அழுறாராம்."

இந்த ஆள் உயிரை விட்டுவிட்டால் பிறகு நான் யாரிடம் போய் என்ன சொல்லுவேன்? அந்தப் பயம்தான் என் வாயைத் திறந்தது. நல்ல மனம் என்று எண்ணிவிடாதீர்கள், பயம்தான்.

"வந்தவர்" என்றேன்.

விளங்காமல் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நூலகரிடம் நான் சொன்னது, கதவு சாத்தியிருந்தது, மஸ்கட் பொட்டலம், எதையும் விடவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப வாப்பா உண்மையாவே வந்தவரா?"

"ஓம், வந்தவர். உனக்காகத்தான் வந்தவர்."

கைப்பையைக்கூட எடுக்காமல் எழும்பி ஓடினாள். ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடுவதை யன்னலால் பார்த்தேன். என்ன சுகம் அது! கட்டியை உடைத்து விட்டதுபோல இருந்தது. அங்கேயே தலையைக் கவிழ்த்து அழுதேன், சிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று படிக்க வந்த பிள்ளைகள் பயந்திருப்பார்கள். பையை எடுத்துப்போக அவளுடைய அண்ணன்தான் வந்தார்.

வாப்பா தப்பிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரிஸ்னா இன்னும் எருக்கலம்பிட்டியில்தான் நிற்கிறாளாம், வாப்பாவுக்குக் கஞ்சி அவள் கையால்தானாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன்! அவள் என் அழைப்புகளை எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம்.

முந்தாநாள் போன் வந்தது. வாப்பா. குரல் மெலிந்திருந்தது. சுகம் விசாரிக்கவில்லை, ஏசவுமில்லை. மன்னித்தேன் என்று சொல்வாரோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன்.

"மகள், ரிஸ்னா நம்பிட்டாள். அது போதாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வீட்டுக்கு வாங்கோ. என்ட மக்கள், மருமக்கள், எல்லாரும் இருப்பாங்க. அவங்களுக்கு முன்னால உங்கட வாயால சொல்லுங்கோ."

வாறன் வாப்பா என்றேன். அவர் வைத்துவிட்டார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அத்தனை முகங்களுக்கு முன்னால் எங்கே தொடங்குவது, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. நாக்குப் புரளுமோ, பாதியில் சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்த்தேன்.