வெட்டுவதற்கு அவசரமில்லை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கத் துணியில் ஓட்டை தேடும் கண், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

அப்படிப்பட்டவளுக்குக் குழந்தை பிறந்த மறுநாள் டாக்டரம்மா சொன்னார்: "ஆணா பெண்ணான்னு பார்த்ததும் சொல்ற மாதிரி இல்லம்மா. டெஸ்ட் எடுப்போம்."

"சாயப்பட்டறைப் பக்கமா நடந்துட்டனுங்க, அதனாலீங்களா?" என்றேன். அப்புறம் பப்பாளி. அப்புறம் கிரகணம். மூன்றுக்கும் இல்லை என்றார்.

டெஸ்ட் முடிவு வந்தது. ரத்தத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை, சிறுநீர் நன்றாகப் போனால் போதும் என்றார். இதை இடைப்பால் என்பார்களாம். உறுப்போ ஹார்மோனோ குரோமோசோமோ, ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று நாம் போட்டுவைத்த அளவுக்குள் அடங்காமல் பிறப்பது. அதில் பல வகை. சிலருக்கு வயதுக்கு வரும்போதுதான் தெரியும், சிலருக்குக் கடைசிவரை தெரியாது.

"அப்ப எனக்கும் இருக்குங்களா?"

"உங்களுக்கு இருக்கறது பயம் மட்டுந்தாம்மா."

ஆபத்து இல்லாதபோது ஆபரேஷன் கூடாது, குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும் என்றார். என் மாமியாருக்கு அது ஆகவில்லை. "வேற ஆஸ்பத்திரி பாக்கலாம். வெட்டி ஏதாச்சும் ஒண்ணா ஆக்கிப்போட்டா ஆச்சு. சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது?" எனக்கும் பயத்தில் சரியென்று தலை ஆடப் பார்த்தது.

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். அன்றைக்குக் கேட்டார்: "ஏனுங்கம்மா, துணி வந்த உடனே வெட்டுனா என்னாகும்?"

மாமியாரும் பல வருடம் பனியனில் பிசிறு வெட்டியவர்தான். "பிரிச்சுப் போட்டு ஒரு நாள் ஆற உடோணும். இல்லீன்னா சுருங்கி அளவே மாறிப்போயிரும்."

"பனியனுக்கே ஒரு நாள் பொறுக்கறோமுங்கம்மா."

"அதுக்குன்னு எத்தனை வருசம்டா ஆற உடுவ?"

"அது வாய் திறந்து சொல்ற வரைக்குமுங்க."

மாமியார் குழந்தையைத் தூக்கினார். "கண்ணு, உங்கொப்பன் சொல்றதைக் கேட்டயா?" குழந்தை கேட்டதோ என்னவோ, அவர் மடி முழுக்க நனைந்தது.

"இதுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல!" என்று சேலையை உதறிச் சிரித்தார். வேறு ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு போயிற்று. சீர் கொண்டுவந்தவர்கள் என்ன குழந்தை என்று கேட்டபோதும் "கொழந்தைங்க" என்று மட்டும் சொல்லி, தட்டில் மிக்சரை நிறைய வைத்தார்.

நான் மட்டும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "கொழந்தை இவ்வளவு ஒண்ணுக்குப் போகலாமுங்களா?"