மாலிஸின் பெயர்

மாலிஸை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போன நாளுக்குக் கிழமை கிடையாது. ஊரையே வயல் முகாம்களுக்கு ஓட்டிய அந்த ஆட்சியில் ஞாயிறு, திங்கள் எல்லாவற்றையும் ஒழித்திருந்தார்கள். பத்து நாளைக்கொரு கூட்டம், அவ்வளவுதான். கூட்டத்துக்கு மறுநாள் என்பது மட்டும் அவள் அக்கா மிங் சாரூனுக்கு நினைவிருக்கிறது. வேறு முகாமுக்கு என்று பிள்ளைகளை அள்ளிப் போட்டார்கள். "அக்கா, என் கஞ்சிய வச்சிரு" என்று தங்கை கத்தினாள். எண்ணெய் காணாத அச்சு கிறீச்சிட்டது. வண்டி மறைந்த பிறகும் அந்தச் சத்தம் வயலைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டுச் சொந்த ஊரான பத்தம்பாங் திரும்பியபோது, அந்தக் காலம் எங்கள் ஆட்களின் மனதை என்ன செய்து வைத்திருக்கிறது என்று ஆராயத் தலைநகர் நோம்பென்னிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. கேள்வி கேட்டுப் பதில் குறிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அப்படித்தான் சந்தையில் மீன்குழம்பு சேமியா விற்கும் சாரூனிடம் போனேன். சித்தி வயதுப் பெண்களை நாங்கள் மிங் என்போம்; அவர்கள் எங்களை க்மூய், அக்கா மகளே, என்பார்கள். தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெரு முழுக்க ஊர் மாறிப் போனாலும் அவர் மட்டும் வீட்டை மாற்றவில்லை.

பக்கத்துக் கடை ஹொக்குடையது. கரும்புச்சாறு பிழியும் உருளை கிறீச்சிட்டுச் சுற்றும்போதெல்லாம் மிங் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்.

"யோவ் ஹொக், அதுக்கு எண்ணெய் போடுய்யா!"

"போட்டா சாறுல மிதக்கும். மொத டம்ளர் உனக்குத்தான் அக்கா, குடிக்கிறியா?"

"உன் மண்டையில ஊத்திக்கோ!"

பிறகு திரும்பி உட்கார்ந்து, தைலம் தடவிய நாணயத்தால் பிடரியைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டுவார். "காத்து தலைக்கு ஏறுதுடி" என்பார்.

"கெட்ட கனவு வருதா மிங்?"

"இல்ல."

இல்லை என்று குறித்தேன். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். குழுவின் மருத்துவர் வன்னாக் தாள்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு பட்டவங்க நிம்மதியாத் தூங்குறாங்களா?" என்று தலையைச் சொறிந்தார்.

ஒரு சாயங்காலம் மிங் வீட்டில் இரண்டு கிண்ணங்களில் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்தேன்.

"யாராச்சும் வர்றாங்களா மிங்?"

"மாலிஸ். தூங்கினதும் வருவா. பசின்னு நிப்பா. வாயத் திறந்தா சத்தம் வராது."

"கனவே வராதுன்னீங்களே!"

"கனவு வேற, ஆளு வர்றது வேற. நாடெல்லாம் சுத்துன, இதுகூடத் தெரியல."

கேள்வியை மாற்றிக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினேன். தூக்கத்தில் யார் வருகிறார்கள் என்று கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள்.

கனவில்லாமல் தூங்க வன்னாக் மிங்குக்கு மாத்திரை கொடுத்தார். அவர் தொடவில்லை. "இதப் போட்டா அவ வரமாட்டா. பசியோட வேற எங்க போவா?"

மாலிஸின் பசி தீர ஒரு வழி இருந்தது. ப்சும் பென் பண்டிகையில் விகாரையில் பிக்குகள் இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். பெயர் சொன்னால்தான் படையல் அவர்கள் வாய்க்குப் போகும். மிங் வருடந்தோறும் அப்பா அம்மா பெயரைக் கொடுப்பார். மாலிஸ் பெயரைக் கொடுத்ததே இல்லை.

"செத்தத யாரு பாத்தா? தாய்லாந்துப் பக்கம் புள்ளகுட்டியோட இருந்தா? உயிரோட இருக்கிறவளுக்குப் படைக்கலாமா?"

கையில் பிடித்திருந்த சட்டியை இறக்காமலே சொன்னார். நான் அடுத்த கேள்வியாகத்தான் கேட்டேன்.

"வர்றப்போ எந்த வயசுல வர்றா மிங்?"

"அன்னைக்கு ஏத்துனாங்களே, அதே வயசு. அதே கறுப்புச் சட்டை…"

ஹொக்கின் உருளை சுற்றியது. மிங் கழுத்தைப் பிடிக்கவில்லை. உயிரோடு இருப்பவள் வளர்ந்திருக்க மாட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவர் குழம்புச் சட்டியை மூடினார். வாசலில் ஆள் நிற்கும்போதே கடையைக் கட்டினார்.

அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் அகப்பையோடு குனிந்துகொள்வார். ஆராய்ச்சி முடிந்து வேலைக்காக நான் நோம்பென் போகும் நாளில் ஹொக்தான் கையசைத்தான்.

இரண்டு பண்டிகை கழிந்து, மூன்றாவது முடிந்த வாரம் என் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் உருளைச் சத்தம்.

"க்மூய், மிங் பேசுறேன். பேரக் கொடுத்துட்டேன். பிக்கு 'மாலிஸ்'னு சத்தமாச் சொன்னாரு. அன்னைக்கு வந்தா. வாயில சோறு இருந்துச்சு. திரும்பிப் பாக்காமப் போயிட்டா. அப்புறம் வரல. உங்க டாக்டர்கிட்டச் சொல்லு, நல்லாத் தூங்குறேன்னு. கஞ்சிதான் இன்னும் ரெண்டு கிண்ணம் ஊத்திடுறேன், கை கேக்க மாட்டேங்குது. வீடு ரொம்பப் பெருசா இருக்கு க்மூய். இந்தப் பக்கம் வந்தா சாப்பிட்டுட்டுப் போ."