ஒரே கோப்பை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஒருநாள் ஆய்வகத்தார் எல்லோரும் பேருந்தில் கிளம்பி, பழைய கோட்டை ஒன்றின் அடியிலிருந்த ஒயின் நிலவறையைப் பார்க்கப் போனோம். தமிழர் நாங்கள் இருவர்தான். மற்றவர் எனக்கு மூத்தவர், பக்கத்து ஊர்க்காரர். பேருந்தில் அவர், "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களின் கேள்வி அது. மறைக்காமல் சொன்னேன். அதன்பின் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிலவறையைச் சுற்றிக்காட்டிய கிழவர், ஒரே வெள்ளிக் கோப்பையில் ஒயினை ஊற்றி, கைமாற்றிக் குடிப்பதுதான் இங்கே முறை என்றார். அத்தனை ஜெர்மானியரும் வாய் வைத்த கோப்பையில் நம்மவர் கூசாமல் குடித்தார். கடைசியில் நின்ற நானும் குடித்தேன்.

அடுத்த ஒயினை என்னிடமிருந்து தொடங்கினார்கள். நான் குடித்துவிட்டு நீட்டினேன். நம்மவர் வாங்கவில்லை.

"வயிறு சரியில்ல."

கோப்பையைக் கழுவி ஊற்றிய மூன்றாவது ஒயின், மறுபடி ஜெர்மானியர் நின்ற கோடியிலிருந்து வந்தது. நம்மவர் சப்புக்கொட்டிக் குடித்தார். விமானம் ஏறி வந்த மனிதர், அந்தக் கருமத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வயிறு அதுக்குள்ள சரியாயிடுச்சா சார்?"

கோப்பையை வாங்கி, அவர் வாய் வைத்த விளிம்பைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டுக் குடித்தேன். கிழவர் முகம் சுளித்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"எங்கள் ஊர் முறை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஜெர்மனில் சொன்னேன்.