சர்டிபிகேட்டில் மூத்தவள்

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இனிமேல் கணக்கு டீச்சர் ஒருவர் போதும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இருந்ததோ நானும் என் தோழியும். ஒரே நாளில், ஒரே மேசையில் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போகவேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் பிடிவாதம். பெரிய நியாயஸ்தி மாதிரி நானும் அதற்குக் கை தூக்கியவள்தான். ஒரே நாளில் சேர்ந்திருந்தால்? சனிக்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும் உட்காரவைத்துச் சங்கச் செயலாளர் சொன்னார்:

"சர்டிபிகேட்ல யாருக்கு வயசு கூடவோ அவங்கதான் சீனியர். இதுல ஆளு பாத்துச் செய்ய முடியாதுல்லா."

மாதாவே! சர்டிபிகேட்டில் நான் அவளைவிட நான்கு மாதம் மூத்தவள். நிஜத்தில் எட்டு மாதம் இளையவள். கப்பலுக்குப் போகிற அவசரத்தில் அப்பா ஒரு வயதைக் கூட்டிச் சொல்லி என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுப் போனார். மணப்பாட்டுக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும் உண்மைத் தேதி கிடக்கிறது. அது அவளுக்குத் தெரியும். என் கல்யாணத்துக்குச் சான்று வாங்க என்னோடு வந்தவளே அவள்தான். "ஏளா, நீ எனக்கு இளையவளா!" என்று பஸ்ஸில் வழியெல்லாம் கேலி செய்தாள்.

செயலாளர் இரண்டு தேதிகளையும் வாசித்தார். நான் மேசையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொய்த் தேதி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது.

"டீச்சர், ஆட்சேபணை ஏதும் உண்டா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் தண்ணீர் குடித்தாள்.

"இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் ஓடினேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வராந்தாவில் அவள் திரும்பி நின்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தில் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது, பாவி நான் அதைப் பார்த்தேன்.

"என்னளா, உள்ள போய்ச் சொல்லிருவோமா? நானும் கூட வாரேன்" என்றாள்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"யாருகிட்டயும் சொல்லிராதளா."