பஸ் இல்லாத டிரான்ஸ்போர்ட்

எங்கள் காட்டுப்பாக்கத்தில் ஒருவர் "டிரான்ஸ்போர்ட்டில் இருக்கிறார்" என்றால் அரசுப் பேருந்தில் வேலை என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. தொண்ணூறுகளில் நானோ கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். மனித செல்லுக்குள் சரக்குத் தூக்கிப் போகும் புரதம் ஒன்று உண்டு. சரக்கைப் பிடித்துக்கொள்ளும் அதன் பகுதியை மட்டும் எடுத்துப் படிகமாக வளர்ப்பதுதான் என் வேலை. படிகம் நன்றாக வந்தால் எக்ஸ்ரே பாய்ச்சி அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம். இதையெல்லாம் கல்யாணத் தரகரிடம் விளக்க அம்மாவுக்குப் பொறுமை ஏது? "புரோட்டீன் டிரான்ஸ்போர்ட்" என்பதில் பின்பாதியை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

பூந்தமல்லியிலிருந்து ரிட்டையரான கண்டக்டர் ஒருவர் தன் பிள்ளையோடு பெண் பார்க்க வந்து இறங்கினார். பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. பிள்ளை தன் கேசரியில் இருந்த முந்திரியை எல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, சொன்னால் என்ன?

"எந்த டிப்போம்மா நீ?" என்றார் கண்டக்டர்.

அம்மா என் தொடையைக் கிள்ளினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள். என் வாய் சும்மா இருக்குமா? டிப்போவும் இல்லை, பஸ்ஸும் இல்லை, என் டிரான்ஸ்போர்ட் கண்ணுக்கே தெரியாது என்று விலாவாரியாக எடுத்துவிட்டேன். வேலை நிரந்தரமா என்று கேட்டார். உதவித்தொகைதான் என்றேன். மனிதரின் முகம் தொங்கிப்போனது.

"பஸ்ஸே இல்லாத டிரான்ஸ்போர்ட்ட வெச்சிகினு இன்னா பண்றது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் பிள்ளை மட்டும் ஆய்வக வாசலில் வந்து நின்றார். நைனாவைத் தான் பேசிச் சமாளித்துக்கொள்வதாகவும், முதலில் அந்தப் படிகத்தைக் காட்டும்படியும் கேட்டார். கண்ணாடித் தகட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, தகடு கொஞ்சம் ஆடினாலும் போச்சு, மாதக்கணக்காக வளர்த்தது என்று மிரட்டிவைத்தேன். குனிந்து பார்த்தார். ஒரு துளி நீருக்குள் ஊசிமுனை அளவுக்குப் பளபளவென்று கிடந்தது.

வெகுநேரம் அசையவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. பயந்துபோய் என்ன ஆச்சு என்றேன். கண்ணை எடுக்காமல், உதட்டைக்கூட சரியாகத் திறக்காமல் கேட்டார்:

"மூச்சு உடலாமா?"

கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.