தாய்ச்செடியின் பெயர் முன்னால்

பீளமேட்டுக்கு அப்பால் இருந்த பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் ரங்கநாயகி ஒன்பது வருடம் வேலை பார்த்திருந்தார். மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுப்பார். மறுநாள் காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவி, இரண்டு ரகங்களின் பெயரும் எழுதிய சீட்டுக் கட்டுவார். 1961இல் தலைவர் பதவி காலியானதும் அதைக் கேட்டு எழுதினார். அதுவரை அவர் எதையும் கேட்டதில்லை.

தேர்வுக்குழுவின் மேதைகளுக்கு ஒரே ஒரு கவலை.

"ஏனுங்க அம்மணி, நீங்க சொன்னா குடியானவங்க கேப்பாங்களா?"

அன்னூரிலிருந்து விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு அவரைத் தேடி வருவது இவர்களுக்குத் தெரியாது. பதவி சுந்தரராஜுலுவுக்குப் போயிற்று. ரங்கநாயகிக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்த அவர் பருத்திச் செடியைப் புகைப்படத்துக்காக மட்டுமே தொட்டவர்.

வந்த வாரமே சீட்டுகளைப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டு ரகங்களைக் கலக்கும்போது தாய்ச்செடியின் பெயரை முதலில் எழுதுவது உலகம் முழுக்க உள்ள முறை. புதுத் தலைவர் துரைக்கு அது பொறுக்கவில்லை.

"அதென்னுங்க, பொம்பள பேரு முன்னால? அப்பன் பேர முன்னால போடுங்க."

"பழைய விதைப் பையிலெல்லாம் தாய் பேருதானுங்க முன்னால இருக்குது. எது எதுன்னு தெரியாமப் போயிருமுங்க," என்றார் ரங்கநாயகி.

"சொன்னதைச் செஞ்சுபோடுங்க."

அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. என்மேலும் எனக்கு மரியாதை கிடையாது.

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஒரு பையை எடுத்து, இதில் தாய் எது என்று கேட்டார்கள். சுந்தரராஜுலு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ரங்கநாயகி தாய் எது என்று தானே குறித்துவைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து பை பையாகச் சொல்லி முடித்தார். அறிக்கை தலைவரைப் பாராட்டியது. பதவி உயர்வு வாங்கிக்கொண்டு அவர் சென்னைக்குப் போய்விட்டார்.

ரங்கநாயகி மறுபடியும் எழுதிக் கேட்டார். தகுதியானவர் கிடைக்கும்வரை பொறுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி பதில் வந்தது. முதல் நாளே சீட்டுகளில் தாயின் பெயரை முன்னால் கொண்டுவந்தார். ஐந்து வருடம் 'தலைவருக்காக' என்று போட்டே கையெழுத்திட்டார். இல்லாத தலைவருக்காக.

1968இல் தகுதியானவர் கிடைத்தார். அவருக்கு மீசை இருந்தது.

தலைவர்களின் பெயர்ப்பலகை இன்னும் அந்த அறையில் தொங்குகிறது. சுந்தரராஜுலு, 1963 வரை. அடுத்த வரி 1968இல் தொடங்குகிறது. நடுவில் ஐந்து வருடம் பண்ணை தானாகவே நடந்திருக்கிறது.