கொண்டை ஊசி வளைவில் ஒரு கலகம்

மேனேஜர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் கடிதம் அடிக்கும் தொழிலில் கோபம் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது. பிறருக்காக எழுதிப் பிழைக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய சொல்

போடியில் ஓர் ஏலக்காய்த் தோட்ட ஆபீசில் எனக்கு வேலை. போன மழைக்காலத்தில் ஒரு காலை, காய் எடுக்கப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறிய பதினெட்டுப் பெண்கள் பாதி வழியில் ஜீப்பைவிட்டு இறங்கினார்கள், திரும்ப ஏறவில்லை. எல்லாம் அவர்களில் ஒருத்தியான பேச்சியால் வந்தது என்றார் டிரைவர். அவளுக்கு நோட்டீஸ் தயாரானது. சரியான பதில் தராவிட்டால் வேலை போகும். நடந்ததை 'ரிவோல்ட்', அதாவது கலகம், என்று எழுதச் சொன்னார் மேனேஜர். கல்லூரியில் அந்தச் சொல்லை அரண்மனைகளுக்கும் படைகளுக்கும் பக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். "ஒரு ஜீப்புக்குப் போடலாமா சார்?" என்றேன்.

"சின்ன வார்த்தை போட்டா முதலாளி படிக்க மாட்டாரும்மா."

உள்ளே ஏறியவள்

நோட்டீசைப் பேச்சிக்குத் தமிழில் சொன்னேன். கலகம் என்றதும் சிரித்துவிட்டாள். அந்த ஜீப்பில் முதலில் ஏறுகிறவள் உள்மூலைக்குப் போய்விடுவாள். மற்றவர்கள் மடிமேல் மடியாக அடைந்துகொள்வார்கள். அன்று முதலில் ஏறியவள் பேச்சி. வளைவில் அவளுக்கு வயிற்றைப் புரட்டியிருக்கிறது. அவள் இறங்க, எல்லாரும் இறங்கித்தான் வழிவிட வேண்டும். இறங்கினார்கள். மரத்த காலை உதறி, காற்றில் நின்று, அந்த ஜீப்பை ஒருமுறை பார்த்தார்கள், திரும்ப ஏற மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

"கலகம்னா கம்பு கிம்பு வேணாமாம்மா? நான் வாந்தி எடுக்கத்தான எறங்குனேன்!"

பதில்

பேச்சியின் பதிலையும் நானே அடித்தேன். அகராதியில் அதே 'ரிவோல்ட்' வயிறு குமட்டுவதற்கும், மனசு அருவருத்து முகம் திருப்புவதற்கும் உண்டு. கலகத்தோடு சேர்த்து மூன்றும் அன்று அந்த வளைவில் வரிசையாக நடந்திருந்தன. மன்னிப்பு என்று ஒரு வரி சேர்த்தால் வேலை நிலைக்கும் என்றார் மேனேஜர். பேச்சி ஜன்னல் வழியே மலையைப் பார்த்து யோசித்தாள்.

"எறங்குனதுக்கு வேணா மன்னிப்புன்னு போடுங்க. ஏறாததுக்குப் போடாதீங்க."

இரண்டு ஜீப்பு

அப்படியே அடித்தேன். அது போதவில்லை. மறுவாரம் ஒன்றுக்கு இரண்டு ஜீப்பாக வந்தது. இரண்டிலும் பேச்சி இல்லை. இப்போது கீழே சிலமலை என்ற ஊரில் களை எடுக்கிறாள். அவளோடு அன்று இறங்கிய ஒருத்தி ஆபீஸ் வாசலில் மெதுவாகச் சொன்னாள்:

"இப்ப காலை நீட்டி ஒக்காந்து போறோம்மா. பேச்சிக்குத்தான் எடமில்ல."

அந்த நோட்டீசில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை என்று மேனேஜர் என்னைப் பாராட்டினார்.